முதல் மதிப்பெண் காட்டுவது யாது?



நம் மட்டாஞ்சேரி மிளகு வணிகர் எடையை மட்டும் நோக்கிச் சரக்கை மதிப்பதில்லை. ஈரமும் தூசியும் நோக்குவர். மருத்துவக் கல்வி நாடும் பிள்ளையின் பயிற்சித் தேர்வையும் அவ்வாறே நோக்குதல் வேண்டும்.

2025ஆம் ஆண்டு நீட் தேர்வில் வினாக்கள் 180, மதிப்பெண்கள் 720. சரியான விடைக்கு 4 சேரும். தவறான விடைக்கு 1 குறையும். இக்கணக்கில், 75 வினாக்களுக்கு மட்டும் சரியாக விடையளித்து எஞ்சியவற்றை விட்டவன் பெறுவது 300. ஒன்றும் விடாமல் எழுதி, 96 சரியும் 84 தவறுமாக விடையளித்தவள் பெறுவதும் 300! முன்னவன் இன்னும் படியாத பாடங்களைப் படித்தல் வேண்டும்; பின்னவள் படித்ததைத் தெளிந்து, ஊகத்தை அடக்குதல் வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, முதல் தேர்வின் தொகையைக் கண்டு பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். உடனமர்ந்து விடைத்தாளை ஆராயுங்கள். அடுத்த திங்களின் உழைப்புக்கு அதுவே வழிகாட்டும்.