ஊசியும் சம்மதமும்



கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் உங்கள் இடது தோளுக்குச் சற்றுக் கீழே ஒருமுறை தடவிப் பாருங்கள். சின்னதாக ஒரு தழும்பு விரலில் தட்டுப்படலாம். பிறந்த புதிதில் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு அது. வயதில் மூத்தவர்களுக்குப் பெரியம்மைக்காக அம்மை குத்திய தழும்பும் இருக்கும். போடலாமா என்று உங்களை யாரும் கேட்கவில்லை. உங்கள் அம்மாவைக் கேட்டிருப்பார்கள், அவர் தலையசைத்திருப்பார். அவர் மாட்டேன் என்றிருந்தால்? போட்டே ஆக வேண்டும் என்று சொல்ல அரசுக்கு உரிமை உண்டா? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கேள்வி பழையது. இங்கிலாந்தில் 1853-இல் ஒரு சட்டம் வந்தது. பிறந்த மூன்று மாதத்துக்குள் குழந்தைக்கு அம்மை குத்தியாக வேண்டும், தவறினால் அபராதம். 1867-இல் இன்னும் இறுக்கினார்கள். ஒரே குழந்தைக்காகத் திரும்பத் திரும்ப அபராதம் போடலாம் என்றானது. வசதியுள்ளவர் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். கூலிக்காரரால் முடியவில்லை. லெஸ்டர் நகரில் கட்ட முடியாதவர்களின் வீட்டுச் சாமான்களை அதிகாரிகள் எடுத்து விற்றார்கள். சிறைக்குப் போனவர்களும் உண்டு.

அவர்களுடைய பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அன்றைக்கு ஒரு குழந்தையின் கைக்கொப்புளத்திலிருந்து நீரெடுத்து, அடுத்த குழந்தையின் கையைக் கீறித் தடவுவார்கள். அதோடு வேறு நோயும் சேர்ந்து தொற்றியதுண்டு. 1885 மார்ச் மாதம் லெஸ்டர் தெருக்களில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். அம்மைத் தடுப்பைத் தந்த எட்வர்டு ஜென்னரின் உருவபொம்மையைத் தூக்கிலிட்டார்கள். 1898-இல் அரசு இறங்கி வந்தது. மனசாட்சி இடங்கொடுக்கவில்லை என்று நீதிபதி முன் சொல்லும் பெற்றோருக்கு விலக்குக் கிடைத்தது. கைக்குக் கை நீரெடுத்துக் குத்தும் முறையையும் அதே சட்டம் நிறுத்தியது. அந்த ஏழைப் பெற்றோர் கேட்ட கேள்வி வீண்போகவில்லை.

அப்படியானால் பெற்றோர் விருப்பம் என்று விட்டுவிடலாமா? என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். மணல்வாரி என்றும் சொல்வோம். நோய் கண்ட பிள்ளை இருமிவிட்டு அறையை விட்டுப் போன பிறகும், இரண்டு மணி நேரம் வரை கிருமி அந்தக் காற்றில் இருக்கும். இதற்கான முதல் ஊசி நம் நாட்டில் ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான். ஆறு மாதக் குழந்தை ஒன்று, மருத்துவர் அறை வாசலில் அம்மா மடியில் தூங்குகிறது. அதற்கு இன்னும் ஊசி வயது வரவில்லை. பக்கத்தில் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ளும் சிறுவன். சிகிச்சை முடியும்வரை அவனுக்கு இந்த ஊசியைப் போடக் கூடாது. இருவருக்கும் காவல், சுற்றியிருக்கும் பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது போட்டிருந்தால்தான் அந்தக் காவல் நிற்கும். என் பிள்ளை, என் முடிவு என்று நான் சொல்லும்போது அந்த இருவருக்கும் சேர்த்தே முடிவெடுத்துவிடுகிறேன். என் பிள்ளையும் என் சொத்து இல்லை. நோயில்லாமல் வளர அதற்கென்று ஓர் உரிமை இருக்கிறது.

2021 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், செக் நாட்டின் கட்டாயத் தடுப்பூசிச் சட்டம் செல்லும் என்றது. பதினேழு நீதிபதிகளில் பதினாறு பேர் அதற்கு உடன்பட்டார்கள். அங்கே ஊசி போடாத பிள்ளைக்கு மழலையர் பள்ளியில் இடமில்லை. ஆனால் கட்டாயக் கல்விக்கான பள்ளியின் கதவை அடைக்கவில்லை. நம் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம், கொரோனா ஊசி வழக்கில், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, பொது நலனுக்காக அளவான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றது. குழந்தைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் தேசியச் சட்டம் நம்மிடம் இல்லை.

அப்படியொரு சட்டம் கொண்டுவர வேண்டும், ஊசி போடாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று நல்ல மனத்தோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் அரசுப் பள்ளி என்பது பாடம் மட்டுமா? காலைச் சாப்பாடு அங்கே, மதியச் சத்துணவும் முட்டையும் அங்கே. அப்பா எடுத்த முடிவுக்குப் பிள்ளை தட்டை இழக்க வேண்டுமா? இந்தத் தண்டனையை என்னால் ஏற்க முடியவில்லை.

பிள்ளைகளுக்கு ஊசி விட்டுப்போவது சட்டம் இல்லாததால்தானா? 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டதைத் தொடர்ந்து நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு சில காலம் ஊருக்குள் வந்து போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எல்லா ஊசிகளும் போட்டுக்கொண்ட தமிழகக் குழந்தைகள் 2005-06-இல் நூற்றுக்கு 81 பேர். 2015-16-இல் அது 70 ஆனது. அடுத்த கணக்கெடுப்பில் 89-க்கு ஏறியது. இடையில் எந்தச் சட்டமும் வரவுமில்லை, போகவுமில்லை. சரிவுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். அச்சத்துக்கும் அலைச்சலுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஊசியால் அரிதாக ஒரு குழந்தைக்குக் கேடு வந்தால் அந்தக் குடும்பத்தைத் தனியே விடக் கூடாது. ஊருக்காகச் செய்ததல்லவா அது? பிரிட்டன் 1979-லும் அமெரிக்கா 1986-லும் இழப்பீட்டுக்குச் சட்டம் செய்தன. கட்டாயம் என்ற சொல்லை எடுக்கும் எந்த அரசும் முதலில் இதைச் செய்ய வேண்டும்.

சம்மதம் எப்படி வருகிறது என்பதை ஒரு புதன்கிழமை அங்கன்வாடியில் பார்த்தேன். “போன தடவை ஊசி போட்டு ராத்திரி பூரா காய்ச்சல், நர்ஸம்மா. எதுக்கு இன்னொண்ணு?” என்று ஒரு பாட்டி பேரனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். செவிலியர் ஐஸ் பெட்டியை மூடிவிட்டுப் பாயில் பக்கத்தில் உட்கார்ந்தார். காய்ச்சல் ஏன் வருகிறது, எத்தனை நாள் இருக்கும், எப்போது தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். பாட்டியே பேரனின் காலைப் பிடித்துக்கொடுத்தார். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துத்தான் அனுப்பினார்கள்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இன்றைக்கே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பதினாறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் போட வேண்டிய இரண்டாவது தட்டம்மை ஊசி விட்டுப்போயிருந்தால், ஐந்து வயது வரை போட்டுக்கொள்ளலாம். அரசு நிலையங்களில் காசு வாங்க மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் அதையும் கூடவே கொண்டுபோய்ச் செவிலியரிடம் கேளுங்கள்.