குப்பையும் பிள்ளையின் கவளமும்

  

1953ஆம் ஆண்டு யூலையில், டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்துப் பங்கீட்டரிசியை 70 சதமாக்கிற்று. அத்தோடு நில்லாது, பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்திற்று. ஓகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் மூண்டது. ஒக்டோபரில் பிரதமர் பதவி துறந்தார். திறைசேரிக்கு முடை வந்தால் முதலிற் பறிபோவது பேச வாயில்லாப் பிள்ளையின் கவளமே!

இன்று சபைகளிலே வறுமை ஒரு நாள் பேசப்படுகிறது. குப்பை வேறொரு நாள். இரண்டும் ஒரே வீட்டிலன்றோ இருக்கின்றன? 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை விழுந்தபோது பசளைக்கு அலைந்தோமே, அப்போதும் நம் அடுக்களைக் கழிவு ஒழுங்கை முடக்கிலேதான் அழுகிற்று.

வீட்டிலேயே பிரித்த கழிவைப் பிரதேச சபை கூட்டெருவாக்கித் தோட்டங்களுக்கு விற்கட்டும். வரும் பணம் தனிக்கணக்கில் நின்று, பாடசாலை உணவுக்கு முட்டையும் மரக்கறியும் வாங்கட்டும். தொகை சிறிதுதான், மறைக்கவில்லை. ஆயினும் அது கொழும்பின் கருணையை எதிர்பார்த்திராது.

பிளாத்திக்குத் துணுக்குக் கலந்த எருவை எந்தக் கமக்காரனும் செம்மண்ணில் இடான். ஆகவே பிரிப்பது வாசலிலேயே நடக்கவேண்டும். சம்பளம் பெறும் தொழிலாளரே அதனை எடுத்துச்செல்ல வேண்டும். போத்தல் பொறுக்க ஒரு பிள்ளையின் கையும் குப்பைமேட்டில் படலாகாது.

இத்தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே கொண்டுவருமாறு உங்கள் வட்டார உறுப்பினரைக் கேளுங்கள்.