சர்வர் டேட்டா சென்டருக்குப் போகுது, பேக்கப் எங்கே போகுது?

ஆபீஸ் மூலையில ஏசி போட்டு வெச்சிருக்கிற பத்துப் பன்னிரண்டு சர்வரை, டேட்டா சென்டர்ல வாடகை ராக் எடுத்து மாத்தப் போறோம். கரண்ட், பேக்கப், இந்த ரெண்டு மட்டும் இன்னிக்குப் பேசலாம்.

ராக்குக்கு ஏ, பி-ன்னு ரெண்டு லைன் தருவாங்க. ஒவ்வொண்ணும் 16 ஆம்பியர்னு வெச்சுக்கோங்க. சர்வர்லயும் ரெண்டு பவர் சப்ளை, ஆளுக்கு ஒரு லைன்ல. லோடு பொதுவா பாதிப் பாதியா பிரியும். மீட்டர்ல ஏ-யில 10, பி-யில 10 காட்டும். "இன்னும் 6 மிச்சம் இருக்கே"ன்னு தோணும். இல்லைங்க. ஏ போன அடுத்த நொடி மொத்த 20-ம் பி தலையில விழும், பிரேக்கர் ட்ரிப் ஆகும். ரெண்டு லைனுக்குக் காசு கட்டியும் ராக் முழுக்க இருட்டு.

ஒரு லைன்ல தொடர்ந்து 80 சதவீதத்துக்கு மேல ஏத்தக் கூடாதுங்கறது வழக்கம். 16-க்கு அது 12.8. ரெண்டு லைனும் சேர்த்தே உங்க பட்ஜெட் அவ்வளவுதான், ஒவ்வொண்ணுலயும் 6.4. சர்வர்கள் நிஜமா எவ்வளவு இழுக்குதுன்னு, நல்லா வேலை ஓடுற நேரத்துல அளந்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. ஏத்தி முடிச்சதும், யூசர்களை உள்ளே விடறதுக்கு முன்னாடியே, ஏ லைனை நீங்களே பிடுங்கிப் பாருங்க. நெட்வொர்க் ஸ்விட்ச்ல ஒரே பவர் சப்ளைதான் இருக்குன்னு பல பேருக்கு அப்போதான் தெரியும்.

இப்போ பேக்கப். வருஷக்கணக்கா நிக்காம ஓடின டிஸ்க், ஒரு தடவை நிறுத்தினா மறுபடி சுத்தாம போறது உண்டு. இதுல வேன்ல வேற குலுங்கிட்டுப் போகுது! அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே முழு பேக்கப் எடுத்து, அதுல ஒரு டேட்டாபேஸையாவது வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணிப் பார்த்திருக்கணும். அந்த பேக்கப் அதே வேன்ல ஏறக் கூடாது.

போய்ச் சேர்ந்த பிறகும் அதே ராக்லயோ, அதே கட்டடத்துலயோ பேக்கப்பை வைக்காதீங்க. 2021 மார்ச் 10 அன்னிக்கு பிரான்ஸ்ல, ஸ்ட்ராஸ்பர்க்ல, ஓவிஎச் நிறுவனத்தோட ஒரு டேட்டா சென்டர் முழுசா எரிஞ்சு போச்சு. பேக்கப்புக்குத் தனியா காசு கட்டின ஒரு கம்பெனியோட பேக்கப்பும் அதே கட்டடத்துலதான் இருந்திருக்கு. 2023-ல கோர்ட் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லுச்சு. சரி, ஆனா டேட்டா?

காலியாகப் போற உங்க ஆபீஸ்தான் இதுக்கு நல்ல இடம். பேக்கப் மெஷினையும் ஒரு யூபிஎஸ்ஸையும் அங்கேயே விட்டுடுங்க. முதல் காப்பியை மாறறதுக்கு முன்னாடியே எடுத்துடணும், ஏன்னா 10 டெராபைட்டை 100 எம்பிபிஎஸ் லைன்ல அனுப்ப 9 நாளுக்கு மேல ஆகும். ஆபீஸ் உள்ளேயே ஜிகாபிட் கேபிள்ல ஒரு நாள் போதும். அப்புறம் தினமும் மாறினது மட்டும் போனா சரி.

திரும்பக் கொண்டு வரவும் அதே 9 நாள்தான். அப்போ டிஸ்க்கைக் கார்ல போட்டு எடுத்துட்டுப் போறதுதான் வேகம். ராத்திரி 2 மணிக்கு டேட்டா சென்டர் கேட்ல உள்ளே விடற லிஸ்ட்ல யார் யார் பேர் இருக்குன்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோங்க.