செத்த மாட்டை அறுக்க வேண்டாம்! அரசே, இழப்பீடு கொடு!



மழை பொய்த்துப் பருத்தியும் மக்காச்சோளமும் கைவிட்டாலும், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நம்மைக் காப்பாற்றுவது ஆடும் மாடும்தான். நேற்று மேய்ந்த மாடு இன்று காலை கட்டுத்தறியில் செத்துக் கிடந்தால் என்ன செய்கிறோம்? "போன முதலில் பாதியாவது வரட்டும்"னு கூறுபோட்டு விற்கிறோம். அங்கேதான் ஆபத்து.

நாம் அடைப்பான் என்பதைத்தான் டாக்டர்கள் ஆந்த்ராக்ஸ் என்கிறார்கள். தொண்டை அடைப்பான் வேறு, இது வேறு. திடீர்ச் சாவு, வயிறு உப்பல், மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருரத்தம் - இவைதான் அடையாளம். 2021-ல் கோவை வனத்தில் யானையையே சாய்த்த நோய் இது. உடலை அறுத்தால் கிருமி காற்றுப்பட்டு வித்தாகி, மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். சுண்ணாம்புச் சத்துள்ள மண் அதற்குத் தோது. சுண்ணாம்புக்கல் வெட்டி சிமெண்ட் ஆலை ஓடுகிற அரியலூர்க்காரர்கள் இதை மறக்கக் கூடாது.

தோல் உரிக்கிறவர் கையில் சின்னக் கீறல் போதும். சில நாளில் பூச்சிக்கடி போலத் தடிப்பு, அப்புறம் கொப்புளம், பிறகு நடுவில் கரிபோலக் கறுத்த புண். சுற்றிலும் வீங்கும், ஆனால் வலிக்காது. வலி இல்லையே என்று மஞ்சளை அரைத்துப் பூசிவிட்டு இருந்துவிடுகிறோம். வைத்தியம் பார்க்காவிட்டால் ஐந்தில் ஒருவர்வரை சாகக்கூடும். நோய்க்கறியைத் தின்றால் வயிற்றுவலி, ரத்தவாந்தி, ரத்தபேதி. வித்து நுரையீரலுக்குள் போனால் காய்ச்சல், மூச்சுத்திணறல். இவை இரண்டும் இன்னும் கொடியவை.

மருந்து இருக்கிறது. பென்சிலின், டாக்சிசைக்ளின், சிப்ரோபிளாக்சசின் ஆகியவற்றை டாக்டர் சொன்னபடி முழு நாளும் எடுத்தால், தோல்புண் வந்தவர் அநேகமாக எல்லோரும் பிழைத்துக்கொள்வர். புண்ணைக் கீறாதீங்க, பிதுக்காதீங்க. "செத்த மாட்டைத் தொட்டேன்"னு டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்க. இருமல், தும்மலால் இது ஆளுக்கு ஆள் பரவாது. நோயாளியை ஒதுக்கி வைக்காதீங்க.

புதைக்கச் சொல்வது சரி. புதைத்தவன் வயிற்றுக்கு யார் பொறுப்பு? 1932 முதல் இயங்கும் ராணிப்பேட்டை நிலையத்திலேயே இதற்குத் தடுப்பூசி தயாராகிறது. அது நம் கட்டுத்தறிவரை வர வேண்டாமா?

நம் கோரிக்கைகள்:

1. நோய் கண்ட ஊரிலும் சுற்று ஊர்களிலும் ஆண்டுதோறும் மழைக்கு முன் இலவசத் தடுப்பூசி போடு!

2. தகவல் சொன்ன அன்றே கால்நடை டாக்டரை அனுப்பு! ஆறடிக் குழிச் செலவை அரசே ஏற்றுக்கொள்!

3. அறுக்காமல் புதைத்த ஒவ்வொரு மாட்டுக்கும், காப்பீடு இல்லாவிட்டாலும், சந்தை விலையை இழப்பீடாகக் கொடு!

4. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தைக் கையிருப்பில் வை!

மாட்டையும் காப்போம், மனுஷனையும் காப்போம். வீட்டுக்கு ஒருவர் திரண்டு வாரீர்!