கறளும் மண்ணெண்ணெயும்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் எனக்கு முன்னர் வந்தவர்கள் நூல்களைப் பற்றியும் அவற்றை எழுதியவர்களைப் பற்றியும் பேசினார்கள். நான் ஒரு காரைப் பற்றிப் பேசப் போகிறேன். பூநகரியில், எங்கள் வளவின் மேற்கு மூலையில், கிடுகுக் கொட்டிலுக்குக் கீழே நான்கு கல்லின்மேல் நிற்கிற ஒரு மொறிஸ் மைனர். அதைத் திருத்தி ஓட வைப்பதா, அப்படியே விடுவதா, பழைய இரும்புக்குக் கொடுப்பதா என்பது கடந்த ஒரு வருடமாக எங்கள் குடும்பத்துக்குள் நடக்கிற வழக்கு. வழக்கில் மூன்று கட்சி: கனடாவில் இருக்கிற தம்பி, பரந்தனில் இருக்கிற அக்கா, காருக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற நான்.

இலக்கிய நிகழ்ச்சியில் இரும்புக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஏடும் இரும்பும் ஓரிடத்தில் சந்திக்கின்றன, அங்கே வருவேன்.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான சின்னக் கார். 1971 வரை அங்கே செய்தார்கள். மொத்தம் பதினாறு இலட்சத்துக்கு மேல். பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அதுதான். எங்களுடையது இரண்டாம் தொடரைச் சேர்ந்தது. முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும். எஞ்சின் 803 சீசீ, முப்பது குதிரைவலு. இன்றைய மோட்டார் சைக்கிள்கள் சில அதைவிடப் பலமானவை. இலக்கத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும். ஆகவே 1957இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துத் தகடுகள் வருவதற்கு முன்னரே பதிவாகிவிட்ட கார். (அந்த ஓர் எழுத்துக்காக நாட்டில் நடந்த அமளி வேறொரு பேச்சுக்குரியது.)

இந்தக் காரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் சிமிர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மீர் நகரத்தில் பிறந்த கிரேக்க வம்சத்தவர். 1922இல் கிரேக்க - துருக்கிப் போரின் முடிவில் அந்த நகரத்தை விட்டு, கையில் எடுத்ததோடு பிரித்தானியக் கப்பலில் ஏறி, மால்ட்டாவில் போய் இறங்கிய குடும்பம் அவருடையது. தகப்பனார் அங்கேயே காலமானார். தாயும் மகனும் இங்கிலாந்துக்குப் போனார்கள். எங்கள் ஐயாவுக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்திருந்தால், "அதுதான் இது எங்களோடை ஒத்துப்போகுது" என்றிருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதிரிக் கார் செய்து முடிந்த பிறகு அது ஒடுக்கமாக இருக்கிறதென்று இசிகோனிசுக்குப் பட்டது. நெடுக்காக இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் அகலித்தார். அந்த நான்கு அங்குலத்தின் தடயம் பொனற்றின் நடுவில் ஒரு பட்டையாக ஓடுகிறது. உலகத்தில் ஓடிய எல்லா மொறிஸ் மைனரிலும் அந்த வெட்டுக்காயம் உண்டு. இதை அழகு என்றே எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள்.

ஐயா 1972இல் யாழ்ப்பாணத்தில் இதைப் பாவித்த காராக வாங்கினார். வாங்கி, கேரதீவில் மிதவைப் பாதையில் ஏற்றி, சங்குப்பிட்டியில் இறக்கி ஊருக்குக் கொண்டுவந்தார். பிறகு அதுதான் எங்கள் சோறு. கலியாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, மன்னார்ப் பக்கம் மடுக் கோயிலுக்கு என்று வாடகைக்கு ஓடியது. மொட்டைக்கறுப்பன் நெல் மூட்டைகூட அதன் பின் ஆசனத்தில் பயணம் செய்திருக்கிறது.

1990 ஜூனில் மறுபடி போர் மூண்டதும் பெற்றோல் நின்றது. பற்றறிகளும் நின்றன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. நேயர்களில் பலருக்கு அந்தக் கைநோவு நினைவிருக்கும். அப்போது வடக்கின் பழைய கார்களுக்கு ஒரு புதுவாழ்வு வந்தது. புதிய யப்பானியக் கார்கள் கொட்டிலில் படுக்க, ஒஸ்ரின் ஏ 40உம் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின.

அது எப்படி முடிந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடேறினால்தான் ஆவியாகும். அதோடு, எஞ்சினுக்குள் கடுமையாக அமுக்கினால் அது நேரத்துக்கு முந்தியே வெடித்துத் தட்டும். புதிய கார்களின் அமுக்கம் அதிகம், அவை அதைத் தாங்கா. பழைய மொறிசின் அமுக்க விகிதமோ ஏழை ஒட்டியது, மெதுவான சுபாவம். ஆகவே கார்பரேற்றருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் போத்தல், அதற்குள் கொஞ்சம் பெற்றோல், அதிலிருந்து ஒரு ரியூப். அந்தச் சொட்டுப் பெற்றோலில் கைபிடி போட்டுச் சுழற்றிக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். ஐம்பது ஆண்டுக்கு முன்னர் இங்கிலாந்துக் கமக்காரர் போர்ட்சன் உழவு இயந்திரங்களை இதே வழியில்தான் ஓட்டினார்கள்: பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெய் வகை எண்ணெயில் உழுவது. எங்கள் மெக்கானிக்மார் அதைப் புத்தகத்தில் படித்தவர்களல்லர்.

இதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து, கீழே எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீராக்கிவிடும். பிளக் கரிபிடிக்கும், வளையங்கள் தேயும். ஐயா இரவில் ஒயில் கம்பியை இழுத்து மணந்து பார்ப்பார். மண்ணெண்ணெய் மணத்தால் முகத்தைச் சுளிப்பார்.

90களின் தொடக்கத்தில் பூநகரியை விட்டு முழங்காவிலுக்குப் போனோம். காரும் வந்தது. 1993இல், நள்ளிரவுக்குப் பிறகு, அக்காவைப் பிள்ளைப்பேற்றுக்காகக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகையில், ஜெயபுரத்துக்குக் கிட்ட எஞ்சின் நின்றுவிட்டது. கிளப்புகிற பெற்றோல் போத்தலில் ஒரு சொட்டும் இல்லை. அக்காவின் மகன் அந்தப் பின் ஆசனத்தில் பிறந்தான்.

2002இல் பாதை திறந்து, பெற்றோல் வந்து, ஊருக்குத் திரும்பினோம். ஆனால் எஞ்சின் களைத்திருந்தது. 2008இல் பூநகரியை விட்டு மறுபடி வெளிக்கிட்டபோது அது கிளம்பவில்லை. உழவு இயந்திரத்தில் சாமான் ஏற்றினோம். ஐயா காரைக் கொட்டிலுக்குள் தள்ளி, கதவுகளைப் பூட்டி, திறப்பை மடியில் கட்டிக்கொண்டார். 2009இல் மாத்தளனில் அவர் காலமானபோது திறப்பு மடியில்தான் இருந்தது. காரின் பதிவுப் புத்தகம் காணி உறுதியோடு ஒரே பொலித்தீன் பைக்குள் தப்பி வந்தது. அந்த ஆண்டுக்குப் பிறகு அக்காவின் மகனும் எங்களோடு இல்லை.

2010இல் வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரையில்லை. காருக்குச் சில்லுகள் இல்லை, ஆசனங்கள் இல்லை, டைனமோ இல்லை. எஞ்சின் இறுகிப்போனதால் ஒருவரும் அதைத் தூக்கவில்லை. மேல் தகட்டில் எறிகணைச் சிதறல் துளைத்த இரண்டு துவாரங்கள்.

அதற்குப் பிறகு கறள் தன் வேலையைத் தொடங்கியது. பூநகரியில் அதற்கு உதவிக்கு ஆள் தேவையில்லை. சோளகக் காற்று கடலையும் களப்பையும் வழித்து உப்பைக் கொண்டுவந்து கொட்டும். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். கறள் இரும்பைவிடப் பருமன் கூடியது. தகட்டுக்கு இடையில் உண்டானால் தானே பிளந்து தனக்கு வழி செய்யும். மேலே பெயின்ற் நன்றாக இருக்கும், விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகும்.

தகரவேலை செய்கிற ரிங்கர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். மல்லாந்து படுத்துக் கீழே போய், சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் 'டங்' என்றது, சில இடத்தில் 'சொத்' என்றது.

"மாஸ்ரர், ஏ 40 எண்டால் பயமில்லை. அதுக்குக் கீழை தனிச் சட்டம் இருக்கு, உடம்பைக் கழட்டி வைச்சிட்டு வேலை செய்யலாம். இதுக்கு உடம்புதான் சட்டம். கதவுக்குக் கீழை ஓடுற பெட்டித் தகடு, நடுக் குறுக்குச் சட்டம், பின் வில்லுப் பூட்டுற இடம் - இந்த மூண்டும் போச்சு."

குறுக்குச் சட்டம் போனால் விளையாட்டில்லை. முன் சில்லுகளைத் தாங்குகிற முறுக்குக் கம்பிகள் இரண்டும் வந்து பூட்டப்படுவது அங்கேதான்.

தம்பியின் கட்சி இலகுவானது. "அண்ணை, காசைப் பற்றி யோசியாதேங்கோ. கொம்பனியிலை இருந்து வந்த மாதிரிச் செய்யச் சொல்லுங்கோ. கலியாணத்துக்கு வாடகைக்குக் குடுத்தாலும் உழைக்கும்." அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. 2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025இல் அது தளரும்வரை பழைய கார்களுக்கு இருந்த கிராக்கி எல்லோரும் அறிந்தது. அக்காவின் கட்சி அதைவிடச் சுருக்கம்: "இரும்புக்காரன் வந்தால் குடுத்துவிடு."

தம்பி சொல்கிற தகடுகள் கிடைக்காமலும் இல்லை. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் சாள்ஸ் வெயர் என்பவர் மொறிஸ் மைனருக்கென்றே ஒரு நிலையம் நடத்தினார். காரை எறிந்து எறிந்து புதிது வாங்குவதைவிடத் திரும்பத் திரும்பப் புதுக்கி ஓட்டுவதே சிக்கனம் என்று 1982இல் ஒரு புத்தகமும் எழுதினார். 1990களின் தொடக்கத்தில் இவர் இலங்கைப் பங்காளர் ஒருவரோடு சேர்ந்து, மொறிஸ் மைனருக்கான தகடுகளை இந்த நாட்டின் தெற்கிலேயே செய்வித்து இங்கிலாந்துக்கு ஏற்றினார். ஐயா வடக்கில் மண்ணெண்ணெயில் எஞ்சினைக் கிளப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தெற்கில் அதே காருக்குப் புதுத் தகடு அடித்துச் சீமைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு தீவுக்குள் நடந்ததுதான் இரண்டும்.

எனக்கிருந்த தடங்கல் காசும் தகடும் அல்ல. கொம்பனியிலிருந்து வந்த மாதிரி என்றால் எந்த மாதிரி? 1950களில் ஒக்ஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் நின்ற கார் எங்களுக்கு யார்? போத்தல் கட்டிய கம்பி, மண்ணெண்ணெய்க்கென்று ஐயா திருப்பிய குழாய், முழங்காவிலில் எண்ணெய்ப் பரலின் தகடு வெட்டி ஒட்டிய கதவு, இவற்றைக் கழற்றி எறிந்தால் மிஞ்சுவது ஒரு நல்ல மொறிஸ் மைனராக இருக்கும், எங்களுடையதாக இராது.

இங்கேதான் ஏட்டுக்கு வருகிறேன். சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். செல்லரித்த ஏடுகள் தொட்டால் ஒடியும் நிலையை அவர் தம் பதிப்புரையில் எழுதியிருக்கிறார். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டில் சிதைந்துபோன அடிகளுக்குப் புள்ளி வைத்தார். அவரால் அந்த இடத்தை நிரப்பியிருக்க முடியாதா? யாப்பும் பழந்தமிழும் அவர் கையில் இருந்தன. நிரப்பியிருந்தால் நாம் கண்டுபிடித்திருக்கவும் மாட்டோம். புள்ளிதான் வைத்தார். செல்லுத் தின்ற இடமும் நூலின் வரலாறு என்று இருந்தார்.

இதைத் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அண்ணை, புள்ளி வைச்ச புத்தகத்தைப் படிக்கலாம். குறுக்குச் சட்டத்திலை புள்ளி வைச்சால் வளைவிலை சில்லுக் கழண்டு போகும்" என்றான். சரியான பதில். நானும் யோசித்துப் பார்த்தேன். பாரம் தாங்குகிற இடத்தில் பொய் சொல்லக்கூடாது. அங்கே கறளை வெட்டி எறிந்து புது இரும்பு வைக்கத்தான் வேண்டும். பாரம் தாங்காத இடத்தில் என்ன செய்வது என்பதில்தான் எங்கள் விருப்பத்துக்கு இடமிருக்கிறது.

அந்தப்படி ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். அடித்தகடும் குறுக்குச் சட்டமும் புதிது. வில்லுப் பூட்டும் புதிது. எஞ்சினைப் பிரித்துப் புதுக்கி, பெற்றோலுக்குத் திருப்புவது. 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானதே. இனி அதில் ஓடுவதற்கு ஒரு காரணமுமில்லை. போத்தல் கம்பியும் பழைய குழாயும் கழற்றாமல் அதனதன் இடத்தில் இருக்கும். பரல் தகடு ஒட்டிய கதவை அப்படியே விட்டு, மேலே கறள் தடுப்புப் பூச்சு மட்டும். மேல் தகட்டுத் துவாரத்தால் மழை வருமே என்றான் தம்பி. ரிங்கரே வழி சொன்னார்: உள்ளிருந்து சின்னத் தகடு வைத்து அடைத்துவிடலாம், வெளியே துவாரம் தெரியும், தண்ணீர் இறங்காது.

இதற்கெல்லாம் அக்காவின் சம்மதம் வேண்டுமே. பரந்தனுக்கு நேரே போய்ச் சொன்னேன். ஏட்டையும் புள்ளியையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. நான் முடித்த பிறகும் கனநேரம் பேசவில்லை.

"உன்ரை புள்ளியெல்லாம் நீ வைச்சுக்கொள்" என்றா. "பின் சீற்றை மட்டும் பழைய மாதிரிச் செய்யாதை."

தம்பி பழைய மாதிரியே பச்சைத் தோல் ஆசனத்துக்கு இங்கிலாந்தில் விலை கேட்டு வைத்திருந்தான். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ரிங்கர் மாரி மழை முடிய வருகிறார். பின் ஆசனம் புதுத் துணியில் வரும், எந்தத் துணி என்பதைத் தானே கடையில் பார்த்து எடுத்துத் தருவதாக அக்கா சொல்லியிருக்கிறா.