முன்னெழுத்தும் குடிவழியும்

பிரிக்பீல்ட்ஸ் இருப்புப்பாதைக் குடியிருப்பில் வளர்ந்த யாழ்ப்பாண வழியினர் சிலர், போதகராயிருந்த தம் பாட்டனாரைத் தேடி என்னிடம் வருவதுண்டு. தேசிய ஆவணக் காப்பகத்துச் சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகளில் குடும்பப் பெயரைத் தேடிக் களைத்திருப்பர். நமக்கேது குடும்பப் பெயர்? தந்தையின் பெயரே முன்னெழுத்து. அது தலைமுறைதோறும் மாறும்.

1816இல் அமெரிக்க மிசனார் யாழ்ப்பாணம் வந்தபின் சிக்கல் இரட்டித்தது. அவர்தம் பள்ளிகளில் மாணாக்கர்க்கு அயற்பெயர்கள் சூட்டப்பெற்றன. சி. வை. தாமோதரம்பிள்ளையை (1832–1901) எண்ணிப் பாருங்கள். அம்முன்னெழுத்துகள் சிறுப்பிட்டி என்னும் ஊரையும் வைரவநாதர் என்னும் தந்தையையும் குறிப்பன. ஞானஸ்நானப் பெயரோ கிங்ஸ்பரி. அவர் சைவத்திற்கு மீண்டார். மகன் அழகசுந்தரம் பிரான்சிஸ் கிங்ஸ்பரி எனும் போதகரானார். ஏட்டை மட்டும் புரட்டுவோர் இருவரையும் அயலாராகவே கொள்வர்.

கிள்ளானிலிருந்து வந்த மூதாட்டி ஒருவரிடம் பாட்டனாரின் தமிழ்க் கையொப்பம் ஒன்றே இருந்தது. அதன் ஊரெழுத்தே எங்களை யாழ்ப்பாணத்துப் பதிவேடு ஒன்றிற்கு இட்டுச்சென்றது. பாட்டியின் பெயரும் அங்கேதான் கிடைத்தது. இங்குள்ள ஏடுகளில் அவர் 'போதகரின் மனைவி', அவ்வளவே. அம்மூதாட்டி அப்பெயரை இருமுறை வாய்விட்டுப் படித்தார்.