பெரியவரின் பத்து ஆசைகள்

தலைமை தாங்கும் அய்யா அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார்களே, திருச்சுழி பஸ்ஸைப் பிடித்து வந்து இடம் கிடைக்காமல் ஓரமாக நிற்கும் தாய்மார்களே, முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இலக்கியக் கூட்டத்தில் சினிமாவுக்கு என்ன வேலை என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். 1977-இல் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இந்த அருப்புக்கோட்டை. சினிமாவைப் பற்றிப் பேச நாம் யாரிடம் போய் அனுமதி வாங்க வேண்டும்?

இன்று திரையிடப்போகும் படம் ‘கே.டி. (எ) கருப்புதுரை’. 2019 நவம்பரில் வந்தது. இயக்கியவர் மதுமிதா. கருப்புதுரையாக நடித்திருப்பவர் மு. ராமசாமி. மதுரையில் நிஜ நாடக இயக்கத்தை நடத்தியவர், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லிக்கொடுத்தவர். அவரோடு நடித்த சிறுவன் நாகவிஷாலுக்கு அந்த ஆண்டின் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது. பெரிய நடிகர் இல்லை, சண்டை இல்லை. அதனால்தானோ என்னவோ, நம் ஊர்ப் பக்கம் இந்தப் படம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

கதை இதுதான். எண்பது வயதுப் பெரியவர் மூன்று மாதமாக நினைவில்லாமல் கிடக்கிறார். ஒரு நாள் கண் விழிக்கிறார். அவர் விழித்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் பிள்ளைகள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. பேச்சு வேறெதைப் பற்றியும் அல்ல, தனக்குத் தலைக்கூத்தல் செய்ய நாள் குறிப்பதைப் பற்றி. எழுந்து நடையைக் கட்டுகிறார்.

தலைக்கூத்தல் என்ற வார்த்தையைச் சொன்னதும் மண்டபத்தில் ஒரு அமைதி விழுந்ததைக் கவனித்தேன். சென்னையில் பேசினால் அது என்ன என்று விளக்க வேண்டியிருக்கும். இங்கே வேண்டியதில்லை. 2010-இல் ஒரு எண்பது வயதுப் பெரியவர், சொந்தப் பிள்ளைகள் பேசியதைக் கேட்டு வீட்டைவிட்டு ஓடி உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அதன்பிறகு வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட இதைப் பற்றி எழுதின. எழுதிய இடத்திலெல்லாம் நம் விருதுநகர் மாவட்டத்தின் பெயரும் இருந்தது. கிடையில் விழுந்துவிட்டார், இழுத்துக்கொண்டு கிடக்கிறார், பாலை ஊற்றிப் பார்த்தாச்சு என்று நாம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு முதியவரின் உயிரை நாமே போக்குவதற்குச் சட்டத்தில் ஒரே பெயர்தான் உண்டு. கொலை. அதை மேடையில் சொல்லிவிட்டேன். இனிமேல் மெதுவாகப் பேசலாம்.

ஓடிப்போன பெரியவர் ஒரு கோயிலில் எட்டு வயதுப் பையனைப் பார்க்கிறார். பெயர் குட்டி. அவனுக்குக் கேட்க ஆள் இல்லை. பெரியவருக்கு ஆள் இருந்தும் இல்லை. பையன் வாய்த்துடுக்கு. அவரைக் கே.டி. என்று கூப்பிடுகிறான். உனக்கு என்னென்ன ஆசை என்று கேட்டு, ஒன்று, இரண்டு என்று பத்துவரை பட்டியல் போடுகிறான். அந்த இடத்தைக் கவனித்துப் பாருங்கள். பெரியவருக்கு உடனே பதில் வருவதில்லை. எண்பது வயதில் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அந்தப் பையன்தான். கறிப் பிரியாணி என்றால் அவருக்கு உயிர். அதுகூட வீட்டில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? சிறுவயதில் மனசில் இருந்த பெண்ணை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதும் அவர் ஆசைகளில் ஒன்று. இதற்கெல்லாம் நிலத்தை விற்க வேண்டியதில்லை. கூட ஒரு ஆள் வேண்டும், கொஞ்சம் பொழுது வேண்டும், அவ்வளவுதான்.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. பெரியவரின் குடும்பத்தைக் கொஞ்சம் கெட்டவர்களாகவே காட்டிவிட்டார்கள். பார்க்கிறவர்கள் ‘நாங்கள் அப்படியில்லை’ என்று தப்பித்துக்கொள்ள அது வசதி. அந்த வகையில் பிரியா கிருஷ்ணசுவாமி எடுத்த ‘பாரம்’ இன்னும் கறாரான படம். 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. இடுப்பு எலும்பு முறிந்த இரவுக் காவலாளி ஒருவர், மருத்துவம் பார்க்காமல் கிராமத்துக்குத் தூக்கிச் செல்லப்படுகிறார். அதில் மகன் அரக்கன் இல்லை. நம்மைப் போல ஒரு ஆள். அதைப் பார்த்தால் இரவு தூக்கம் வராது. அதனால்தான் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க இன்று கருப்புதுரையைத் தேர்ந்தெடுத்தோம்.

காலத்தின் அருமையைப் பேசு என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மண்ணில் அதை யாருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? வானம் பார்த்த கரிசல். குண்டாற்றில் தண்ணீர் ஓடினால் அது செய்தி. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்து ஈரம் காய்வதற்குள் பருத்தியோ சோளமோ ஊன்றியாக வேண்டும். இரண்டு நாள் பிந்தினால் அந்த வருஷமே பிந்திப்போகும். தறிக்காரருக்கும் அப்படித்தான். ஓடினால் கூலி, நின்றால் இல்லை. அந்த ஐப்பசியில் அம்மா கிடையில் விழுந்தால்? காலையில் துணி மாற்றி, கஞ்சி புகட்டி, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு மருமகள் களை எடுக்கப் போகும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும். பாதி நாள் சம்பளம் போச்சு. மகன் திருப்பூரில். அவன் ஒரு வாரம் வந்து உட்கார்ந்தால் வேலை இருக்குமா என்பது நிச்சயமில்லை. இந்தக் கணக்கைப் போடுகிறவர்களை நான் திட்டப்போவதில்லை. நேரம் பொன் போன்றது என்று பள்ளிச் சுவர்களில் நாம்தான் எழுதிவைத்தோம். பொன் என்று சொல்லிக்கொடுத்தால் எடை போட்டுத்தான் பார்ப்பார்கள். சம்பாதிக்காத ஆளின் நாள் தராசில் நிற்காது. நான் சண்டைபோடுவது அந்தத் தராசோடு.

நம் திருச்சுழியில் பிறந்த ஒருவர் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். வேங்கடராமன் என்ற பையன், 1879 டிசம்பர் 30-இல் திருமேனிநாதர் கோயில் பக்கத்து வீட்டில் பிறந்தவன். அப்பா சுந்தரம் அய்யர் அங்கே வக்கீல். 1892-இல் அப்பா இறந்துபோனார். 1896-இல் பதினாறு வயதில் பையன் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனான். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறியும். அம்மா அழகம்மாள் தேடிப்போய் அழுது கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. அதில் தாயின் பக்கம் நின்று கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் 1916-இல் அந்தத் தாயே மகனோடு இருக்க மலைக்குப் போய்விட்டார். 1922 மே 19. அழகம்மாளின் கடைசி நாள். எல்லாப் பற்றையும் விட்டவர் என்று ஊர் சொன்ன அந்த மகன், ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி, இரவில் உயிர் பிரியும்வரை மணிக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு சில மாதங்களில் மலையைவிட்டு இறங்கிவந்து தாயின் சமாதிக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டார். இன்று நாம் பார்க்கிற ரமணாசிரமம் அந்தச் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான். ஆன்மிகம் பேசுவது என் வேலை இல்லை. திருச்சுழிக்காரர் ஒருவர் சாகக் கிடந்த தாய்க்குத் தன் நாளைக் கொடுத்தார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

‘அவருக்கு ஆசிரமம் இருந்தது, எனக்குத் தறிதானே இருக்கு’ என்று யாராவது கேட்டால் அதுவும் நியாயம். பாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு கிடையில் இருக்கிறவரைப் பார்த்துக்கொள்ள முடியாது. ஊரும் அரசாங்கமும் கைகொடுக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வெறும் சர்க்கரை மாத்திரைத் திட்டம் இல்லை. படுக்கையில் கிடப்பவருக்கு வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் கொடுப்பது அதில் உண்டு. முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாய் ஆனது. போதாதுதான், ஆனால் உரிமை. பெற்றோரைக் கவனிக்க 2007-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. கடைசிவரை பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிய பிள்ளை கைவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம். வக்கீல் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் போதும். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி மூன்று தாலுகாவுக்கும் கோட்டாட்சியர் அலுவலகம் இதே ஊரில்தான் இருக்கிறது. போனில் சொல்ல வேண்டுமானால் 14567. முதியோருக்கான இலவச எண். பிள்ளைகளே, நீங்கள்தான் மறக்க மாட்டீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் தெருவில் கிடையில் இருப்பவர்கள் யார் யார் என்று போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். சுகாதார நிலையத்தில் நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம். பெயரை எழுதத் தயக்கமா? வீட்டுக் கதவு என்ன நிறம் என்று எழுதினால் போதும், தேடிக் கண்டுபிடித்துக்கொள்வோம். யார் எழுதியது என்று கேட்க மாட்டோம்.

முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து பின்னால் போங்கள். ஓரமாக நிற்கிற ஆத்தாமார்கள் அங்கே வந்து உட்காரட்டும். அந்த மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்புங்கள். படம் ஓடுகிற இரண்டு மணி நேரமும் போனை உள்ளே வையுங்கள். தம்பி, விளக்கை அணை, படத்தைப் போடு.